சுங்கப் படிவம்

வல்பரைசோ துறைமுகத் தபால் நிலையத்தில்
நிபால்தோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்கிறான்:
உள்ளே என்ன?
சாவி.
என்ன சாவி?
என்னுடையதல்லாத சாவி.
அப்படியெல்லாம் எழுத முடியாது, செஞ்ஞோரா ஓயார்சூன்.
பின்னால் வரிசையில் யாரோ இருமுகிறார்கள்.

எண்பத்தொரு வயது.
என் முழங்கால் மலைப்படிகளோடு
ஒவ்வொரு காலையும் பேரம் பேசுகிறது.
இனி விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று
அலமாரியைத் திறந்தேன்.
புகைப்படங்கள் இருந்தன. மூடிவிட்டேன்.
எல்லாவற்றிலும் நான்
வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு
எதன் முன்னாலோ நிற்கிறேன்,
அதைச் சரியாக மறைத்துக்கொண்டு.

கீழ்த்தட்டில் பிஸ்கட் டப்பா.
அதற்குள் பதினான்கு சாவிகள்.
திருடியதில்லை, சத்தியம்.
குற்றமெல்லாம் விடியற்காலைப் பேருந்துகளுடையது.
நாலு மணிக்கு
யாரை எழுப்பிக் கொடுப்பது?

பத்தொன்பதில் ஒரு கிரேக்கக் கப்பலில்
துணி வெளுக்க ஏறியவள்.
எத்தனை நாடு என்பார்கள் விருந்துகளில்.
நூற்று ஆறு என்பேன். வாயைப் பிளப்பார்கள்.
பாதி நாள் காத்துக்கிடந்ததில் போனது என்று
ஒருவரிடமும் சொன்னதில்லை.
நுவாதிபுவில் இரும்புத்தாது ரயிலுக்கு இரண்டு இரவு,
பல்லிடுக்கெல்லாம் மணல்.
சொந்த நாட்டிலேயே, புந்தா அரேனாசில்,
காற்று தணியட்டுமென்று ஒரு வாரம் சீட்டாடி
கையுறைகளைத் தோற்றேன்.
முர்காபில் டீசல் லாரிக்கு ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும்
அனார்குல் என்பவளின் வீட்டில்.
உயரம் ஒத்துக்கொள்ளாமல்
முதல் இரவு முழுக்க நான் குமட்ட
அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.
எங்களுக்குப் பொதுவாய் ஒரு சொல்லும் கிடையாது.
வாந்திக்கு மொழி எதற்கு?
காலையில் உப்புப் போட்ட பால்தேநீர்.
பிறகு ஆட்டுமயிர்க் கயிற்றில் கட்டிய சாவி:
கல்யாண ரஜாய்கள் அடுக்கிய அறை,
வீட்டிலேயே சூடான அறை, உனக்கு.

அந்தச் சாவியைத்தான் முதலில் அனுப்பினேன்,
இருபத்தாறு வருடம் கழித்து,
மன்னிப்புக் கடிதத்தோடு.
மூன்று மாதத்தில் பதில் வந்தது.
மகள் எழுதியிருந்தாள், மீரிம்.
அப்போது நாலு வயது,
என் காலணிக்குள் கூழாங்கல் போட்டவள்.

"அம்மா போய் ஆறு வருடம்.
நீங்கள் கிளம்பிய மறுநாள்
அப்பா பூட்டைக் கோடரியால் உடைத்தார்.
ரஜாயெல்லாம் உள்ளே, வெளியே பனி.
அன்று முதல் அந்தக் கதவுக்கு ஒரு கல்தான் தாழ்ப்பாள்.
உங்களைத் திட்டாமல்
அம்மாவுக்கு ஒரு குளிர்காலமும் கழிந்ததில்லை.
திட்டும்போது சிரிப்பாள்.
எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறந்தால்
'சிலிக்காரி ஆகிவிட்டாயா?' என்போம்.
என் பையன்கூடச் சொல்கிறான்,
அது ஒரு நாடு என்று அவனுக்குத் தெரியாது.
கல் நன்றாக இருக்கிறது.
சாவியைத் திருப்பி அனுப்புகிறேன்."

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பை அணைக்க மறந்தேன்.
நூற்று ஆறு நாடுகளின் மேல் நடந்தேன்.
ஒரு வீட்டில்
வசைச்சொல்லாய்த் தங்கியிருக்கிறேன்,
வாடகையில்லாமல், இத்தனை வருடம்.

இன்றைய உறைக்குள் பித்தளை வில்லை, எண் ஏழு.
பதூமி, துறைமுகத்துக்குப் பின்னால், பச்சைக் கதவு.
இதெல்லாம் முகவரியா என்கிறான் நிபால்தோ.
கொடுத்தவர் முகம் எனக்கு நினைவில்லை.
சுவர்க்காகிதத்தில் மாதுளைகள் இருந்தன,
ஒன்றை யாரோ பென்சிலால் வெட்டித் திறந்திருந்தார்கள்.

நாற்பத்திரண்டு கிராம், என்கிறான்.
மதிப்பு?
பூஜ்யம் எழுதுகிறேன்.
பூஜ்யத்தை இயந்திரம் ஏற்காது.
ஒரு பெசோ, சரியா?
தொலைந்தால் அவ்வளவுதான் கிடைக்கும், செஞ்ஞோரா.

அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
இருமல்காரர் மறுபடி இருமினார்.
தபால்தலையை நக்கி ஒட்டினேன்.
பசை இன்னும் கசக்கிறது,
எல்லா ஊரிலும் போலவே.