வருந்துகிறோம்

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி.
சலவை இயந்திரத்துக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் நடுவில்
ஒரு பாய் அளவு நிலம் எனக்குண்டு.
விடிய ஐந்து மணிக்கு அதில் முதுகு நிமிர்த்தி இருக்கிறேன்.
கண்ணை மூடினால் கடல் தெரியாது,
கேட்கும்.
அதன்மேல் காகங்கள்.

ஒன்பதாம் நாள் இது.
முதல் நாள் தொலைபேசியில் ஒரு குரல்
ஆழமாக மூச்சை இழுங்கள் என்றது,
விமானப் பணிப்பெண் அவசரக் கதவைக் காட்டும் அதே கனிவோடு.
இரண்டாம் நாள் அதை நிறுத்திவிட்டேன்.
மூச்சு தன்பாட்டில் போய் வருகிறது,
நான் வேலைக்குப் போய் வருவதுபோல,
யாரும் கவனிக்காமல்.

எட்டு நாளும் வந்தது கணக்குத்தான்:
தண்ணீர்க் கட்டணம், பால்மா விலை,
தம்பிக்கு அனுப்பவேண்டிய காசு.
கால் விறைத்தது.
உணர்ச்சி என்று சொன்னால் அது மட்டும்தான்.

இன்று மருதானைப் பக்கம் போன முதல் ரயிலுக்கு
ஜன்னல் கண்ணாடி நடுங்கி ஓய்ந்தது.
ஓய்ந்த பிறகும்
எனக்குள் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது,
தொண்டைக் குழிக்குச் சற்றுக் கீழே,
இறங்காத மாத்திரைபோல.

கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனி.
ஆங்கிலத்தில் மறுத்ததை
அங்கே தமிழில் மறுப்பவள் நான்.
பழக்கதோஷம், அதற்கும் ஒரு சொல் தேடினேன்.
கோபம்? சூடில்லை.
பயம்? அது வயிற்றில் அல்லவா இருக்கும்.
சலிப்பு என்று வைத்துப் பார்த்தேன்,
வழுக்கி விழுந்தது.
மூச்சு வந்தது. போனது.
நான் அவசரப்படுத்தவில்லை.

சொல்லுக்கு முன்னால் ஒரு பெயர் வந்தது.
சித்தி ஜெஸீமா, வெல்லம்பிட்டி.
களனி ஆறு வீட்டுக்குள் ஏறிய இரவு
மூன்று தையல் இயந்திரங்கள் சேற்றில்.
படிவம் இரண்டு நாள் பிந்தியது.
திகதியின் மேலேயே தண்ணீர்க் கறை.

மறுக்கும் கடிதம் முழுவதும்
'ஓம்' என்றுதான் முடிகிறது:
அறியத்தருகிறோம், நிராகரிக்கிறோம், வருந்துகிறோம்.
நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை,
பதின்மூன்று வருடமாக எழுதுகிறேன்.
ஒருவரும் வருந்தவில்லை.
அந்த ஓமுக்குள் மனேஜர் இல்லை,
முத்திரை குத்துகிறவர் இல்லை,
நானும் இல்லை.
ஆளில்லாத வீட்டுக்கு அழைப்பு மணி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி இருந்தாள்.
வாசிக்கிறவரை அடிக்காத சொல் வேண்டுமென்று
ஒரு முழு மத்தியானம் சண்டை பிடித்தவள்.
அவள் ராஜினாமாகூடத் தரவில்லை,
எப்போதோ போய்விட்டாள்.

கண்ணைத் திறந்தேன்.
அழவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது.
கீழே பாண் ஆட்டோ
தன் ஒரே மெட்டைப் பிசகாமல் பாடிக்கொண்டு போனது.

அலுவலகத்தில் முதல் கடிதம், யாருக்கோ.
வருந்துகிறேன் என்று முடித்தேன்.
துஷாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
ஆனால் பழைய கடிதத்தை அருகில் வைத்து
உருவம் உருவமாக ஒப்பிடுவாள்.
கடைசி இரண்டு எழுத்தில் விரலை வைத்து
பிழையா, என்றாள்.
தொண்டைக்குக் கீழே அது இன்னும் இருந்தது.
இல்லை, என்றேன்.

பிறகு வெல்லம்பிட்டிக் கோப்பைக் கேட்டேன்.
அது களஞ்சிய அறைக்குப் போய்விட்டதாம்.
சாவி இரண்டு மணிக்குப் பிறகுதானாம்.
இப்போது
பன்னிரண்டே கால்.