மெய்க்கு இரண்டு இடம்

இருநூற்று எண்பதுதான் கணக்கு.
உயிரெழுத்துக்கு ஓர் இடம், மெய்க்கு இரண்டு:
புள்ளிக்கும் வாடகை கேட்கிறது இந்தச் சின்னப் பெட்டி.
ரூவியில் பணமாற்றுக் கடையின் மாடியில்
நான்கு மொழி விளம்பரத்தில் தமிழ் என் பொறுப்பு.
மெய் என்று எழுத நான்கு.
பொய் என்று எழுதவும் நான்குதான்.
வேலையில்லாத ஒரு மதியம் எண்ணிப் பார்த்தேன்.

அந்தச் செவ்வாய் மாலை ஏழரைக்கு என்று
முந்தின வாரமே நேரம் குறித்துவைத்த வரி:
"மழையோ வெயிலோ,
நனையாமல் வீடு சேரும் உங்கள் பணம்."
மதியம் இரண்டுக்கே மலை இறங்கிவிட்டது.
வருடமெல்லாம் கார் நிறுத்திய வாதியில்
கார்களே ஓடின, ஓட்ட ஆளில்லாமல்.
எந்த நாட்டிலோ எந்த ஆண்டிலோ எடுத்த ஒரு முதலை
அமராத் இறக்கத்தில் நீந்துவதாக,
'உறுதிப்படுத்தாத தகவல்' என்ற தலைப்போடு
மிக உறுதியாகப் பரவியது.
வதந்தி பரப்பாதீர் என்று காவல்துறை போட்டதை
முதலையைவிடக் குறைந்த பேரே பார்த்தார்கள்.
நான் ஒழுகும் கூரைக்கு வாளி மாற்றிக்கொண்டிருந்தேன்.
ஏழரையை மறந்துபோனேன்.
இயந்திரம் மறக்கவில்லை.

ஏழு முப்பத்திரண்டுக்கு, விளம்பரத்தின் அடியில்,
அன்றுதான் திறந்த ஒரு கணக்கு,
முகத்துக்குப் பதில் சாம்பல் வட்டம்:
"சார் என் வீட்டுக்காரர் மரியசெல்வம், ஊரு வேம்பார்.
தண்ணி டேங்கர் ஓட்டுறார், நீலக் கலரு.
மத்தியானத்துலருந்து போன் போகல.
ரசீதுல உங்க கடைப் பேருதான் இருக்கு.
ஓமன்ல வேற யாரையும் தெரியாது."

காசு கொடுத்து ஏற்றிய விளம்பரம் அது.
தமிழ் வாசிக்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும்
போய் நிற்கும்படி நானே வகுத்திருந்தேன்.
அதன் முதுகில் ஏறிக் கேள்வியும் போனது.
சோஹாரில் ஒரு செவிலி வார்டு வார்டாகத் தேடினாள்.
பர்காவில் பேக்கரிக்காரர் வண்டி எண் கேட்டார்.
பினோஜ் சார் அழைத்தார்: "அதை எடுத்துவிடு,
கம்பெனி பெயர் கெடும்."
கரண்ட் இல்லை சார் என்றேன்.
இருந்தது.

ஒன்பதே காலுக்கு யாரோ ஒரு படம் போட்டார்:
கவிழ்ந்த நீல டேங்கர், கீழே ஒரு மெழுகுவர்த்தி.
பிறகு எல்லோரும் மெழுகுவர்த்தி.
ஒன்பதாயிரம் பேர் கைமாற்றினார்கள்.
சென்னையிலிருந்து ஒரு கட்சிக்காரர் இழப்பீடு கோரினார்.
துபாயில் ஒரு காப்பீட்டு முகவர்
"இனியாவது யோசியுங்கள்" என்று
தன் எண்ணைக் கட்டிவிட்டுப் போனார்.
சாம்பல் வட்டம் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

அவர் ஒரு பள்ளிவாசல் மாடியில்,
யாரோ தந்த வெள்ளை அங்கியில்
தூங்கிக்கொண்டிருந்தார். போனுக்குள் மணல்.

இறந்தார் என்பதற்கு எட்டு இடம்.
இருக்கிறார் என்பதற்குப் பதினொன்று.
காலையில் அதையும் எழுதினேன், வண்டி எண்ணோடு.
கைமாற்றியவர்கள் பதினேழு பேர்,
அதில் ஒருவன் என் மச்சான்.

வெள்ளிக்கிழமை கவுண்டருக்கு வந்தார்.
அங்கியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தாராம்.
"சார், என் சாவை எடுத்துற முடியுமா?
பெரியவ கிளாசுல பிள்ளைங்க
எடுத்து எடுத்துக் காட்டுறாங்களாம்."
எங்கள் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன்.
மிச்சம் ஒன்பதாயிரம் வீட்டில் இருக்கிறது என்று
சொல்லத் தொடங்கி, பேனாவை நீட்டினேன்.
எண்பது ரியால் அனுப்பினார்.
ரசீதில் கடைப் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது.
கடை திறந்த நாளிலிருந்து
அதிகம் பேர் தொட்ட பதிவு அதுதானாம்.
பினோஜ் சார் பச்சை அம்பைக் காட்டிக் கேட்டார்:
"இதே மாதிரி ஒண்ணு
அடுத்த மாசத்துக்கும் எழுத முடியுமா?"

பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
இருநூற்று எண்பது இடமும் காலி.
வெளியே, டேங்கர் ஒன்று
தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது.