மாதிரி டப்பா

வேதாளைப் பள்ளிக்கூட வாசலுக்கும்
என் பெட்டிக்கடைக்கும் நடுவில்
ஒரு வேப்பமரம், ஒரு அடிபம்பு, அவ்வளவுதான்.
கடையைத் தள்ளிப் போடணும் என்று
அளக்க வந்தவர்
அடிபம்போடு நாடாவைச் சுருட்டிக்கொண்டு
கலர் சோடா கேட்டார்.
கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

எட்டேகாலுக்கு முதல் போணி.
இன்னாசி. இரண்டு ரூபாய்க்குத் தேன்மிட்டாய்.
அவன் அப்பாவின் வள்ளம் ரெண்டு மணி இருட்டிலேயே இறங்கிவிடும்.
நண்டு வலை பிரிக்க அம்மா கரைக்குப் போய்விடுவாள்.
அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய
பத்து மணி தாண்டும்.
பெட்டிக்கடைக்குத் தெரியாத வயிறு இந்த ஊரில் இல்லை.

நம்புச்செல்வி
ஆரஞ்சு மிட்டாயை நாக்கில் ஒதுக்கி
சாயம் ஏறிவிட்டதா என்று
ஜாடிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போவாள்.
கடைவாய்ப் பல் இரண்டும் கறுப்பு.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற நாளிலும்
கையை நீட்டத்தான் செய்வாள்.
நானும் கொடுக்கத்தான் செய்வேன்.

என் மகன் மர்ஜூக் மட்டும்
இந்த ஜாடிகளைத் தாண்டித் தாண்டியே வளர்ந்தான்.
எதில் எத்தனை இருக்கும், என்ன விலை, எல்லாம் தெரியும்.
ஒரு மூடியைத் திறந்ததில்லை.
அவன் டப்பாவில் ஒரு நாள்
முருங்கைக்கீரை, நகரை மீன்.
ஒரு நாள் பனங்கிழங்கு:
அவித்து, நாரெடுத்து, நறுக்கி, தேங்காய்ப்பூ தூவி.
பெருநாளைக்குக் கீழக்கரையிலிருந்து வரும் தொதலில்
சுண்டுவிரல் அளவு.
அதற்கு மேல் கேட்க நினைத்தால்
உம்மா முகத்தை ஒரு தடவை பார்ப்பான்.

பொங்கல் லீவு முடிந்து பெற்றோர் கூட்டம்.
பெனடிக்டா டீச்சர் சுவரில் படம் ஒட்டியிருந்தார்.
பச்சை வட்டத்துக்குள் ஆப்பிள்,
இன்னும் எங்கள் ஊருக்கு வந்து சேராத ஏதோ ஒரு பச்சைப்பூ.
சிவப்பு வட்டத்துக்குள்
என் கடை.
பெயர் எழுதவில்லை.
ஜாடியைப் பார்த்தால் தெரியாதா?

பிறகு மர்ஜூக்கின் டப்பாவைத் திறந்து
தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.
"ஆப்பிளெல்லாம் வேண்டாம்.
ஒரு அம்மா மனசு வச்சா இது போதும், பாருங்க."
கைதட்டினார்கள்.
எழுந்து நிற்கச் சொன்னார்.
முந்தானையில் முடிந்திருந்த அன்றைய சில்லறை
நான் எழுந்ததும் சத்தம் போட்டது.

இன்னாசியின் அம்மா தட்டவில்லை.
கையில் நண்டு கடித்த காயம் இருக்கும் என்று நினைத்தேன்.
அப்படி நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

வாசலில் செருப்புத் தேடும்போது
இடுப்பில் ஒரு விரல் குத்தியது.
"மாமி, மர்ஜூக்குக்கு மட்டும் ஏன் மிட்டாய் தர மாட்டீங்க?
அவன்ட்ட காசு இல்லையா?"
நான் என்ன சொல்ல.
நம்புச்செல்விக்கு அவனை நினைத்துப் பாவமாக இருந்திருக்கிறது.
பாவாடைப் பைக்குள் துழாவி
பாதித் தாள் பிரிந்த ஒரு ஆரஞ்சு மிட்டாயை
என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.
"நான் தந்தேன்னு சொல்லுங்க."

என் ஜாடியிலிருந்து போனது.
எனக்கே திரும்பி வந்தது.

ராமநாதபுரம் ஏஜென்டுக்கு மூவாயிரம் பாக்கி நிற்கிறது.
ஜாடிகளைக் கவிழ்த்துவிட முடியாது,
கவிழ்த்தேன் என்று இங்கே எழுதினால் பொய்.
மறுநாள் அரைக்கிலோ கொண்டைக்கடலை அவித்து
மிட்டாய்க்கு முன்னால் வைத்தேன்.
எட்டேகாலுக்கு இன்னாசி வந்தான்.
"இது எவ்ளோ?"
"ரெண்டு ரூவா."
ஒரு வாய் போட்டு மென்று
"உப்பு பத்தல" என்றான்.
உப்பு பத்தாத கரையா இது!
அள்ளிப் போட்டேன்.
பொட்டலம் முழுக்கத் தின்றுவிட்டு
தேன்மிட்டாயும் கேட்டான்.
ஒன்று மட்டும் கொடுத்தேன்.
ஏன் ஒன்று என்று முறைத்தான்.

நம்புச்செல்வியின் மிட்டாய்
கல்லாப்பெட்டி மூலையில் கிடக்கிறது.
எறும்பு கண்டுபிடித்துவிட்டது.
விற்க முடியாது.
மர்ஜூக்கிடம்
இன்னும் சொல்லவில்லை.