பதினைந்து ஊசி

மேலப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில்
தராசில் வைத்துத்தான் விலை சொன்னார் மைதீன் பிச்சை.
மூணே கால் கிலோ.
"வேலை செய்யுமா?"
"அது ஒங்க பாடும்மா. நான் எடைக்குல்லா விக்கேன்."

லைன் டெஸ்டர். மஞ்சள் பெட்டி.
முள் ஆடுகிறது, சுவிட்சுகள் திரும்புகின்றன,
எல்லாம் இருக்கிறது, வயரைத் தவிர.
பின்புறம் பதினைந்து ஊசி
மேலே எட்டு, கீழே ஏழு,
எது எங்கே போகிறதென்று
ஒரு வார்த்தை எழுதி வைக்காமல்.

வண்ணார்பேட்டையில் அன்றைக்கு ஐப்பசி மழை.
மீட்டரின் கறுப்பை உடம்பில் வைத்து
சிவப்பால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஐந்து கூவியது. அது மண்.
பதிமூன்றும் கூவியது.
கூவியதை நம்பாமல் எண்ணைப் பார்த்தால்
பத்து ஓம். மண்ணைப் போல நடிக்கிற ஏதோ ஒன்று.
மகளின் புவியியல் நோட்டில்
பருவக்காற்றுப் படத்துக்கு அடுத்த பக்கம்
அதையும் குறித்துக்கொண்டேன்.
போர்வைக்குள்ளிருந்து குரல்:
"இந்நேரத்துல என்னத்தப் போட்டுக் குடையுத?"

நான்கு திருகைக் கழற்றியதும்
மூடியின் உள்பக்கம் பென்சில் எழுத்து.
*2, 9 பிழை. சிவப்பை நம்பாதே.*
பெயரில்லை. தேதியில்லை.
ழகரத்தின் வால் மட்டும் நீளமாய், அடுத்த வரி வரைக்கும்.

திருத்துமுன் எழுதியதா
திருத்தியபின் அழிக்க மறந்ததா?
ஒன்பதில் பற்றவைப்பு பளபளவென்று இருந்தது,
மற்றதெல்லாம் மங்கல்.
ஆக, யாரோ மறுபடி கைவைத்திருக்கிறார்கள்.
எழுதியவர்தானா என்று
ஈயம் சொல்லாது.

அவரையும் நம்பவில்லை, சிவப்பையும் நம்பவில்லை.
இரண்டில் ஒரு கால், ஒன்பதில் ஒரு கால்,
நடுவில் ஒரு ஃபியூஸ்.
போயிற்று. நாலு ரூபாய்.
மாற்றிப் போட்டேன்.
நாற்பத்தெட்டு வோல்ட், முள் எழுந்து நின்றது,
நானும் நின்றிருக்கிறேன் போல,
நாற்காலி பின்னால் விழுந்த சத்தத்தில்
மகள் விழித்துக்கொண்டாள்.

பதினொன்று மட்டும் பிடிபடவில்லை.
டேப் சுற்றி விட்டுவிட்டேன்.

சேரன்மகாதேவி அரிசி ஆலை.
எடைமேடைக்கும் ஆபீசுக்கும் நடுவே
இண்டர்காம் செத்து இருபது நாள்.
பெட்டி சொன்னது: நூற்று எண்பத்து மூன்று மீட்டரில் அறுப்பு.
டேப் பிடித்து நடந்தோம்.
நூற்று எண்பத்து மூன்றில்
போன மாதம் போட்ட சிமென்ட் தளம்,
லாரி திரும்புவதற்கு.

"மிஷின் தப்பாச் சொல்லுது" என்றார் ஆவுடையப்பன்.
"பழசுலா?"

பேசாமல் ஆபீஸ் முனைக்குப் போய்
அங்கிருந்து அளந்தேன்.
நூற்று இருபத்தேழு.
கேபிள் வாங்கிய பில் அவர் மேசையிலேயே இருந்தது,
முந்நூற்றுப் பத்து மீட்டர்.
விரல் விட்டுக் கூட்டினார்.
இன்னொரு முறை கூட்டினார்.

கடப்பாரை கொண்டுவரச் சொன்னார்,
சொல்லும்போதே
செருப்பைக் கழற்றிவிட்டுத்
தளத்தை உள்ளங்காலால் தடவியபடி.