இல்லை என்பதற்கும் கையெழுத்து

தை மாதம், பள்ளத்தூர்.
வளவுக்குள் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்க
வாசலில் இன்னொரு கல்யாணம் வந்து இறங்கியது.
ஈப்போவிலிருந்து பதினோரு பேர்,
இரண்டு வேன், செல்பேசியில் ரசீது.
நாற்பதாயிரம், முன்பணம்.
ரசீதின் மேலே அதே வீடு, அதே நிலைக்கதவு,
கஜலட்சுமிக்குப் பக்கத்து யானையின்
உடைந்த தும்பிக்கை உட்பட.

தேனம்மை என்னைத்தான் அழைத்தாள்.
வீட்டைக் கல்யாணங்களுக்கு விடுபவள் அவள்.
அந்த வீட்டின் இணையப் பெயருக்குக் காவல் நான்,
காரைக்குடி செக்காலை ரோட்டில்
பாத்திரக்கடை மாடியில்.
பெரிய வேலைபோலத் தோன்றும்.
ஒரு மேசை, இரண்டு திரை, மூச்சுவாங்கும் இன்வெர்ட்டர்.

அவர்கள் தட்டியது எங்கள் பெயரைத்தான்.
அதற்கு முன்னால் ‘முன்பணம்’, நடுவில் ஒரு புள்ளி.
நான் வைத்த கிளைப்பெயர்கள் மூன்றே:
பந்தி, மண்டபம், வண்டி.
‘முன்பணம்’ என்று ஒன்றை
நான் பெற்றதும் இல்லை, பெயரிட்டதும் இல்லை.

பிறகு எப்படி, என்றாள்.

இயந்திரத்துக்கு வீடு தெரியாது, எண்தான் தெரியும்:
இருநூற்று மூன்று, பூச்சியம், நூற்றுப் பதின்மூன்று, ஏழு.
மனிதருக்கு எண் நிற்காது, பெயர்தான் நிற்கும்.
நடுவில் ஒருவன் ஓடிப்போய்க் கேட்டு வருகிறான்.
முதலில் வந்த பதிலை நம்புகிறான்.
யார் சொன்னது என்று கேட்கும் பழக்கத்தை
அவனுக்கு யாரும் ஏற்படுத்தவில்லை.
எவனோ வழியில் மடக்கி
வேறொரு எண்ணைக் கையில் திணித்திருக்கிறான்.
வாங்கி வைத்துக்கொண்டு
ஒரு நாள் முழுக்கக் கேட்டவருக்கெல்லாம்
அதையே சொல்லியிருக்கிறான்,
கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல்.

பூட்டினோம்.
பூட்டு என்ற சொல் சரியில்லை.
எதையும் மறைக்கவில்லை;
யார் எதைக் கேட்டார் என்பதுகூட
வழியில் நிற்பவனுக்குத் தெரியும்.
பதிலின் கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.
அது என்னுடையதுதான் என்பதற்கு
எனக்கு மேலே இருப்பவர் சாட்சி.
அவருக்கு, அவருக்கும் மேலே இருப்பவர்.
எல்லாவற்றுக்கும் மேலே
பெயரின் கடைசியில், யாருமே தட்டாமல் விட்டுவிடும்
ஒரு புள்ளி.

தேனம்மை சிரித்தாள்.
‘இதுக்கா இத்தனை படம் வரைஞ்சே?
கோயில்லேருந்து மாலை வரலேன்னா
எங்களுக்குக் கல்யாணம் கல்யாணமில்லே.
ஏட்டுல புள்ளி ஏறாது.
மாலை வந்துச்சான்னு கேட்டுட்டுத்தான்
மத்த பேச்செல்லாம்.’

வரைந்த தாள்களை மடித்து வைத்தேன்.

இதோடு நின்றிருந்தால் நல்ல கதை.

ஆடியில் எனக்கு டெங்கு.
கையெழுத்துக்கும் ஆயுள் உண்டு, முப்பது நாள்;
முடியுமுன் நான் மறுபடி போட வேண்டும்.
ஆஸ்பத்திரிக் கட்டிலில்
என் தட்டணுக்களை யாரோ எண்ணிக்கொண்டிருந்த இரவில்
அது காலாவதியானது.
சரிபார்த்து வருகிறவர்களுக்கு
வீடே காணாமல் போனது.
சரிபார்க்காதவர்களுக்குக் கதவு
எப்போதும்போல் திறந்தே கிடந்தது.
ஆக, ஒன்பது மணி நேரம்
ஜாக்கிரதையான மனிதர்களை மட்டும் பொறுக்கியெடுத்து
நான் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

ஆவணி முகூர்த்தம் இரண்டு கைவிட்டுப் போயின.
தேனம்மை திட்டவில்லை.
அந்த மாதப் பணத்தில் ஆயிரம் குறைந்திருந்தது.
நியாயம்.

இப்போது இயந்திரமே நேரம் பார்த்துப் போட்டுக்கொள்கிறது.
நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
தினமும் படுக்கப்போகும் முன்
ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்,
அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பதுபோல.

நேற்றிரவு பதிவேட்டில் ஒரு கேள்வி இருந்தது.
எங்கிருந்தோ, யாரோ,
‘முன்பணம்’ இருக்கிறதா என்று.

என்னை எழுப்பாமலே பதில் போயிருக்கிறது:

மண்டபத்துக்கு அடுத்தது வண்டி.
நடுவில் ஒருவரும் இல்லை.

கீழே கையெழுத்து.