முன்னூறு மில்லி

கல்முனை, விடியப்புறம் மூன்றே கால்.
ஐந்தாம் கட்டில்: இசுமாலெவ்வை, ஐம்பத்தாறு,
சம்மாந்துறையில் வட்டை விதானை.
எலிக்காய்ச்சல்.

நகத்தை அழுத்தி விட்டு
நிறம் திரும்ப எத்தனை செக்கன் என்று பார்க்க வேண்டும்.
நகத்துக்குள் வயற்சேறு.
முழங்காற் சில்லில் அழுத்துகிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு –
ஐந்தில்தான் வெளிறல் மறைகிறது.

சிறுநீர் மணிக்குப் பத்து மில்லி, கடுந்தேயிலைச் சாயம்.
அழுத்தம் எண்பதுக்கு நாற்பது.
வற்றிப்போனவரா,
குழாய்கள் தளர்ந்து விரிந்துபோனவரா?
இரண்டுக்கும் ஒரே முகம்.
ஒருவருக்குத் தண்ணீர் உயிர்.
மற்றவருக்கு அதுவே நுரையீரலில் ஏறி
கட்டிலிலேயே மூழ்கடிக்கும்.
போன மாதம் ஒருத்தியை அப்படி –
அதை இங்கே எழுத மாட்டேன்.

கதவடியில் மனைவி:
"வாய் காஞ்சு கிடக்கு டொக்டர்,
ஒரு சொட்டுப் பருக்கட்டா?"
பஞ்சை நனைத்துக் கொடுத்தேன். உதட்டுக்கு மட்டும்.

கட்டிலின் மோட்டர் பழுது.
மன்சூர் காக்கா கைப்பிடியைச் சுழற்ற
துரு கத்துகிறது.
தலைப் பக்கம் இறங்கி, கால் பக்கம் ஏறி
வெடித்த பாதங்கள் இரண்டும் மின்விசிறியைப் பார்க்கின்றன.
கால்களில் தேங்கிய அவருடைய இரத்தமே
முன்னூறு மில்லி
நெஞ்சுக்குத் திரும்பும்.
ஒரு துளியும் கொடுக்காமல்
கொடுத்துப் பார்க்கும் வழி.
சரிவராவிட்டால் காலை இறக்கிவிடலாம்.
ஏற்றிய சேலைனை இறக்க முடியாது.

ஒரு நிமிடம்.
விலாவிடுக்கில் புறோப்பைப் பிடித்தபடி
துடிப்புக்குத் துடிப்பு இதயம் தள்ளுவதை அளக்கிறேன்.
பதினேழு சதவீதம் கூடுகிறது.
"சேலைன், இருநூற்றைம்பது" என்று திரும்ப
சுலோஜினி பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மறுபடியும் துரு, மறுபடியும் பாதங்கள்.
பதினொன்று. இன்னொரு பை.
ஐந்துக்கு, பாங்கு சொல்லும் நேரம், மூன்று.
மூன்றே மூன்று.
சேலைனை நிறுத்தி
நோரட்ரினலினைத் தொடங்கினோம்.
அழுத்தம் இன்னும் தொண்ணூறைத் தொடவில்லை,
இன்னும் ஒரு பை, ஒரேயொரு பை என்று
என் கை அரிக்கிறது.
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எவ்வளவு ஏத்தின நீங்க?"
"ஐந்நூறு."
"அவ்வளவுதானா?" என்றா, பிறகு,
"அவரும் இப்பிடித்தான் டொக்டர்.
மேல்வட்டையார் மண்வெட்டியோட வந்தாலும்
துருச ஒரு விரல் கூடத் துறக்கமாட்டார்.
எல்லாரும் ஏசுவாங்க."

ஆறு மணிக்குக் குறிப்பேட்டில் எழுதினேன்:
முழங்கால், நாலு செக்கன்.
சிறுநீர், பதினைந்து.
நகம், கழுவவில்லை.