அவைக்குறிப்பில் கொருக்குப்பேட்டை

தமிழில் பேச வேண்டுமென்றால்
முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.
எழுதியது நான்.
கையெழுத்து சுலோச்சனா கண்ணையன்.
தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை. மூன்றரை மணி.

அந்த நேரத்துக்கு அவையில் பாதிப் பேர்
விமானம் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள்.
கல்மண்டபத்தில், ஐஸ் கம்பெனி மாடியில்,
டிவி முன்னால் நாங்கள் ஏழு பேர்.
கீழே பாளம் உடைக்கிற சத்தத்தில்
அரசியலமைப்புத் திருத்தம்
பாதிதான் காதில் விழுந்தது.

உச்ச நீதிமன்றத்துக்குச் சென்னையில் ஒரு கிளை.
நீதிபதி நாற்காலி காலியானால்
நிரப்புவதற்கு ஒரு கெடு.
இவ்வளவுதான் மசோதா.
மீதியெல்லாம் வக்கீலம்மா வாயில் வந்தது.

"மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று
சட்டம் இருக்கிறது, தலைவர் அவர்களே.
அந்தச் சட்டத்துக்கே வாய்தா போட்டுவிட்டோம்.
எங்கள் ஊரில் கொருக்குப்பேட்டை கேட் என்று ஒன்று.
கூட்ஸ் வரும் என்று மூடுவார்கள்.
கூட்ஸ் வராது. கேட்டும் திறக்காது.
பிள்ளைத்தாய்ச்சியோடு ஆட்டோ நிற்கும்.
யார் மூடியது என்றால் சிக்னல் என்பார்கள்.
சிக்னலை யாரய்யா கேள்வி கேட்பது?"

யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.

அச்சில் அது
'என் தொகுதியில் உள்ள ஒரு ரயில்வே கேட்' ஆயிற்று.
வாய்தா, ஒத்திவைப்பு ஆயிற்று.
ஒத்திவைப்பில்
ஐம்பத்தாறாம் நம்பர் பஸ்ஸுக்குக் காசு எண்ணுவது இல்லை.
கோர்ட் வராந்தாவில் தூக்குவாளியைத் திறப்பதா வேண்டாமா
என்று பார்த்துக்கொண்டிருப்பது இல்லை.
மொழிபெயர்த்தவர் மேல் குறையில்லை.
அவர் கண்ணாடிக் கூண்டில் இருந்தார்.

அப்புறம் தேசம்மாளைச் சொன்னார்.
துறைமுகத்தில் கிரேன் கொக்கி அறுந்து
புருஷன் போனது பெரிய மகள் வயிற்றில் இருக்கும்போது.
அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.
இழப்பீடு இன்னும் மேல்முறையீட்டில்.
"தீர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் போன நீதிபதி" என்று
தொடங்கினார். மணி அடித்தது.
நீதிபதியின் நடத்தையை அவை பேசக் கூடாது.
அந்த வாக்கியம் முழுக்க
வரிசையாக நட்சத்திரக் குறிகள்.
அடியில் பொடி எழுத்தில்: நீக்கப்பட்டது.

ஆறு அடித்தது.
நாற்காலியில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார்:
உறுப்பினருக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது,
அடுத்த முறை தொடரலாம்.

வாய்தாவுக்கு எதிரான பேச்சுக்கு
வாய்தா.

ஐஸ் கம்பெனிக்காரர்தான் முதலில் சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம். அப்புறம் டிவியை அணைத்தோம்.

அடுத்த முறை வரவில்லை. அவை கலைந்தது.
கலைந்தால் மசோதாவும் காலாவதி.
தேர்தலில் வக்கீலம்மா பதினோராயிரத்தில் தோற்றார்.
திங்கட்கிழமையே கறுப்பு அங்கியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு
ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்குப் போனார்.
அலுவலகத்தைக் காலி செய்ய எனக்கு மூன்று நாள்.

இரண்டாம் நாள் தேசம்மாள் வந்தாள்.
"எம்பேரு அதுல கீதாமே?"
எடுத்துக் காட்டினேன்.
பேர் இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு.
"இந்தப் பூவெல்லாம் இன்னா?"
நட்சத்திரங்களைத் தொட்டுக் கேட்டாள்.
அங்கேதான் உன் கேஸ் இருந்துச்சு என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"ரெண்டு ஜெராக்ஸ் போடு. ஒண்ணு கோர்ட்டுக்கு."
கோர்ட்டில் இது செல்லாதும்மா.
"செல்லாட்டி இன்னா. கட்டுல கெடக்கட்டும்."

போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.
அவளாகவே நான்கு ரூபாயை மேஜையில் வைத்துப் போனாள்.

அந்த நான்கு நிமிடத்துக்கு எழுதிய தாள்கள்
என்னிடம்தான் இருக்கின்றன.
ஒன்றரைப் பக்கம்.
இப்போதுகூட ஸ்கூட்டர் பெட்டியில்.
கேட் மூடியிருக்கிறது.
எடுத்து ஒருமுறை சத்தமாகப் படித்தேன்.
நேரம் பார்த்தேன்: மூன்று நிமிடம் நாற்பது நொடி.
பக்கத்து லாரிக்காரர்
இன்ஜினை அணைத்துவிட்டு
"அப்புறம்?" என்றார்.